உடைந்ததா, உடைத்தேனா?
தன்வரலாறு எழுதுவோருக்கான கேள்வி – பதில்

கேள்வி: பத்து வயதில் வீட்டில் பணம் திருடினேன். வீட்டு வேலை செய்த அக்கா மேல் பழி விழுந்தது. அவரை நிறுத்திவிட்டார்கள். இதை எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கடிதமாகவே முடிகிறது. என்ன செய்யலாம்?

மன்னிப்பை முதல் வரைவில் எழுதவே வேண்டாம். நடந்ததை மட்டும் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். பணம் எதில் இருந்தது, எவ்வளவு எடுத்தீர்கள், எங்கே ஒளித்தீர்கள், எதற்குச் செலவழித்தீர்கள், விசாரித்தபோது அறையில் யார் யார் நின்றார்கள்? 'பாவி', 'அறியாத வயது', 'இன்றும் உறுத்துகிறது' போன்ற சொற்களுக்கு அந்தப் பக்கத்தில் இடம் கொடுக்காதீர்கள்.

அடுத்து, வினைச்சொற்களை அடிக்கோடிடுங்கள். தமிழில் ஒளிந்துகொள்ள வசதி அதிகம். உடைத்தேன் பக்கத்திலேயே உடைந்தது இருக்கிறது, தொலைத்தேனுக்குத் தொலைந்தது. 'எடுத்தேன்' என்பது 'எடுத்துவிட்டேன்' ஆனதும் ஏதோ கைதவறி நடந்ததுபோல் ஒலிக்கிறது. உங்கள் கேள்வியிலேயே 'பழி விழுந்தது' என்றிருக்கிறது. பழி தானாக விழாது. நீங்கள் அவர் பெயரைச் சொன்னீர்களா? பெரியவர்கள் கேட்டதும் தலையாட்டினீர்களா? வாய் திறக்காமல் நின்றீர்களா? மூன்றும் வெவ்வேறு குற்றங்கள். எது உங்களுடையது என்பதில்தான் அத்தியாயத்தின் உயிர் இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டுத் தத்துவவாதி ரூசோவின் தன்வரலாற்றில் ஏறக்குறைய உங்கள் கதையே இருக்கிறது. பதினாறு வயதில், வேலை பார்த்த வீட்டில் ஒரு பழைய ரிப்பனைத் திருடினார். பிடிபட்டதும், சமையல் வேலை செய்த மரியோன் என்ற பெண் கொடுத்ததாகப் பொய் சொன்னார். இருவரையும் வேலையைவிட்டு அனுப்பினார்கள். இந்தப் பாரத்தை இறக்கிவைக்கும் ஆசையும் தன்னை எழுதத் தூண்டியது என்கிறார். அதில் இன்றும் நெஞ்சைத் தொடுவது அவருடைய வேதனை அல்ல, மரியோன் அழுதபடி சொன்ன பதில்: உங்களை நல்லவர் என்று நினைத்தேன், என்னை வாட்டுகிறீர்கள், ஆனாலும் உங்கள் இடத்தில் நான் இருக்க விரும்பமாட்டேன். அதற்குப் பிறகு வயது, வெட்கம், பயம் என்று ரூசோ காரணங்களை அடுக்கத் தொடங்கும்போது எழுத்து தளர்ந்துவிடுகிறது. உங்கள் அத்தியாயத்திலும் அந்த அக்காவுக்கு முகம் வேண்டும். அன்று என்ன சொன்னார், எப்படி வெளியேறினார்? பிறகு என்ன ஆனார் என்று தெரியாவிட்டால் 'தெரியாது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டு நகருங்கள். கற்பனையால் அவருக்கு நல்வாழ்வு அமைத்துக் கொடுப்பது இன்னொரு தப்பித்தல்.

எதை எவ்வளவு விரித்து எழுதுவது என்பதற்குக் காந்தியின் தன்வரலாறான 'சத்திய சோதனை'யைப் பாருங்கள். அண்ணனுக்குச் சுமார் 25 ரூபாய் கடன். அதைத் தீர்க்க அண்ணனின் தங்கக் காப்பிலிருந்து கொஞ்சம் பொன்னை வெட்டியெடுத்தது சில வரிகளில் முடிகிறது. அப்பாவிடம் ஒப்புதல் கடிதத்தைக் கொடுத்த காட்சிதான் நிதானமாக வருகிறது. நோயுற்ற தந்தை எழுந்து உட்கார்ந்து படிக்கிறார், கண்ணீர் தாளை நனைக்கிறது, கண்ணை மூடுகிறார், கடிதத்தைக் கிழிக்கிறார், மறுபடி படுக்கிறார்.

கேள்வி: ஆறு வயதில் செய்ததை ஆறு வயதின் குரலில் எழுதுவதா, இன்றைய குரலிலா?

இரண்டும் வேண்டும், ஒரே வாக்கியத்துக்குள் வேண்டாம். சிறு குழந்தையின் குற்றக்கணக்கு வேறு. உளவியலாளர் ஜீன் பியாஜே 1932-இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளுக்கு இரண்டு கதைகள் சொன்னார். ஒரு சிறுவன் கதவைத் திறக்கும்போது, பின்னால் இருந்தது தெரியாமல் 15 கோப்பைகளை உடைக்கிறான். இன்னொருவன் அம்மா இல்லாத நேரம் ஜாம் எடுக்கப்போய் ஒரு கோப்பையை உடைக்கிறான். சின்னக் குழந்தைகள் பலர் 15 உடைத்தவனையே பெரிய குற்றவாளி என்றார்கள். எண்ணத்தைவிட இழப்பின் அளவுதான் அவர்கள் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஆகவே ஆறு வயதுக் குழந்தையை 'துரோகம்' என்று யோசிக்க வைக்காதீர்கள். அது சில்லுகளை எண்ணிக்கொண்டிருக்கும். துரோகம் என்ற சொல் இன்றைய உங்களுடையது. அடுத்த பத்தியில், 'இப்போது பார்க்கையில்' என்று தெளிவாகப் பிரித்து வையுங்கள்.

கேள்வி: நான் செய்ததாக நினைவிருக்கும் ஒரு தவறை, தான் செய்ததாகத் தங்கை சொல்கிறாள்.

இருவருக்கும் அது உண்மையாகவே தோன்றலாம். 1995-இல் உளவியலாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜாக்குலின் பிக்ரெலும் வெளியிட்ட ஆய்வில், சிறுவயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக, நடக்காத ஒரு சம்பவத்தை 24 பேரிடம் சொன்னார்கள். சுமார் கால்வாசிப் பேர் அது முழுதாகவோ ஓரளவோ நினைவிருப்பதாகச் சொன்னார்கள். அதனால் உங்கள் வரைவைத் தங்கையிடம் முதலில் காட்டாதீர்கள். காட்டினால் அதன் விவரங்கள் அவர் நினைவிலும் கலந்துவிடும். 'அன்று என்ன நடந்தது?' என்று மட்டும் கேட்டு, அவர் சொல்வதைத் தேதியிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பொருந்தாதது மிஞ்சினால் இரண்டையும் எழுதுங்கள்.

கேள்வி: நண்பர்களோடு மாங்காய் திருடியதெல்லாம் எழுதத் தகுந்த குற்றமா?

தாராளமாக. பதினாறு வயதில் கூட்டாளிகளோடு பேரிக்காய் திருடியதைப் பற்றிப் பழங்காலக் கிறித்தவச் சிந்தனையாளர் புனித அகஸ்டின் தன் தன்வரலாற்றில் பக்கம் பக்கமாக யோசித்திருக்கிறார். வீட்டில் அதைவிட நல்ல பழம் இருந்தது; திருடியதில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். பிறகு ஏன் திருடினேன் என்பதுதான் அவர் கேள்வி. தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்ற இடத்துக்கு வந்துசேர்கிறார். நீங்களும் 'நாங்கள் திருடினோம்' என்பதை ஒருமுறை 'நான்' என்று மாற்றி எழுதிப் பாருங்கள்.

கேள்வி: நான் துன்புறுத்திய வகுப்புத் தோழன் இன்றும் இருக்கிறான். பெயரை மாற்றினால் போதுமா?

போதாது. உங்களோடு படித்தவர்கள் பட்டப்பெயரையும் சம்பவத்தையும் வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அவருடைய உடல்குறை, குடும்பநிலை போன்று கேலிக்கு ஆளானவற்றை எழுதுவதற்குமுன் அவர் சம்மதம் வாங்குங்கள். மறுத்தால் அந்த விவரங்களை நீக்கிவிட்டு, உங்கள் கை செய்ததை மட்டும் எழுதுங்கள். மன்னிப்புக் கேட்பதாக இருந்தால் நேரில் கேளுங்கள், அச்சுக்குப் போவதற்கு முன்பே. அவர் என்ன பதில் சொன்னாலும், அதைப் பிரசுரிக்கலாமா என்று தனியாக ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.