பேய் இல்லாத போர்க்களம்

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடமாக ஸ்காட்லாந்தில், இன்வர்னெஸ்ஸில் வேலை பார்க்கிறேன். போன ஏப்ரலில் பக்கத்தில் இருக்கும் கலோடன் போர்க்களத்துக்குப் போனேன். 1746 ஏப்ரல் 16 அன்று, பதவி இழந்த ஸ்டூவர்ட் அரச வம்சத்துக்காகக் கலகம் செய்த ஜாகோபைட் படை அழிந்த இடம். வருடா வருடம் அதே தேதியில் வாள் மோதும் சத்தம் கேட்கும், புதைமேடுகள் மேல் ஹெதர் செடி முளைக்காது, அங்கே பறவைகள் பாடாது என்றெல்லாம் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒரு கல்லின் அருகே நின்றபோது முதுகு சில்லிட்டது. ஆவியைக் கண்டுபிடிக்கும் செயலி வைத்திருந்த நண்பர், அங்கே முள் துடித்ததாகக் காட்டினார். போரில் இறந்தவர்களின் எனர்ஜி அந்த இடத்திலேயே தங்கிவிடுமா? நம் ஊர்ப் போர்க்களங்களிலும் இப்படி உண்டா?

கா.

அன்புள்ள கா.,

ஏப்ரலில் ஸ்காட்லாந்தின் வெட்டவெளியில் நின்றால் முதுகு சில்லிடத்தான் செய்யும். அடுத்த முறை நல்ல கம்பளிச் சட்டையாகப் போட்டுக்கொண்டு போங்கள். அந்தச் செயலியை அழிக்கச் சொல்லுங்கள். 'எனர்ஜி' என்ற சொல்லையும் கூடவே அழித்துவிட்டால் நல்லது. அது மின்வாரியத்துக்கு வேண்டிய சொல், செத்தவர்களுக்கு எதற்கு?

நம் ஊரில் உண்டா என்று போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதில். கொஞ்ச நாளாக எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான்.

கலோடன் சண்டை ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. ஜாகோபைட்டுகளில் 1,500 பேர் செத்தார்கள் என்பது பொதுவான கணக்கு. 1881இல் அங்கே குலத்துக்கு ஒரு கல் நட்டார்கள். எந்தக் குலம் என்று தெரியாதவர்களுக்கும் 'கலந்த குலங்கள்' என்று எழுதி ஒரு கல் உண்டு. நீங்கள் எந்தக் கல்லின் அருகே நின்றீர்கள் என்று எழுதவில்லை. முதுகைப் பற்றி இவ்வளவு எழுதியவர் கல்லில் இருந்த பெயரையும் படித்திருக்கலாம்.

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புள்ளலூர் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவன் அங்கே எதிரிகளை வென்றான் என்று காசாக்குடிச் செப்பேடு சொல்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று அதே ஊர்ப்பக்கம் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை வளைத்து நொறுக்கினார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட படை ஒரு காலைப்பொழுதில் இல்லாமல் போனது. மறு வருடம் ஆகஸ்ட் 27 அன்று அங்கேயே இன்னொரு சண்டை.

எட்டு வருடம் முன்பு, ஒரு தை மாதம் அங்கே போயிருந்தேன். கூர்நுனி வைத்த இரண்டு நினைவுத் தூண்கள். ஒன்று கேப்டன் ஹிஸ்லாப்புக்கு, மற்றொன்று லெப்டினன்ட் கர்னல் பிரவுனுக்கு. இரண்டுமே இரண்டாவது சண்டையில் செத்த அதிகாரிகளுக்கு. வரப்பில் மண்வெட்டியோடு நின்ற ஒருவரிடம், இந்தப் பக்கம் பேய் நடமாட்டம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேயா? அதெல்லாம் ஒண்ணும் கெடையாது சார். பாம்பு இருக்கும், பாத்துப் போங்க."

அன்றிலிருந்து என்னை உறுத்துவது இதுதான். செத்துப்போன அத்தனை பேருக்கும் ஒரு பேய்கூடவா இல்லாமல் போகும்?

என் அப்பாவைப் பெற்ற ஆத்தாவுக்கு ஒரு அண்ணன். இரண்டாம் உலகப் போரில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர் திரும்பவில்லை. தந்தி வந்தது, உடல் வரவில்லை. கொஞ்ச நாளில் ஊருக்குள் பேச்சு கிளம்பியிருக்கிறது. ராத்திரி குளத்தங்கரையில் பூட்ஸ் சத்தம் கேட்கிறதாம். பிள்ளைகள் அந்தப் பக்கம் போகப் பயந்தார்கள். ஆத்தா தெருவில் நின்று சத்தம் போட்டாளாம்: "பசிச்சவன் நடக்குறான். ஒரு வாய் சோறு போட நாதியில்ல, பேயின்னு சொல்ல வந்துட்டீங்க." அந்த ஆடி அமாவாசையிலிருந்து வாழை இலை போட்டுப் படையல் வைக்க ஆரம்பித்தாள். வடை, பாயசம், கருவாட்டுக் குழம்பு. அமாவாசையன்று கருவாடா என்று கேட்டவர்களுக்கு, அவன் அதைத்தான் தின்பான் என்று பதில். இலையின் ஓரத்தில் ஒரு சிசர்ஸ் சிகரெட், அதன் பக்கத்தில் தீப்பெட்டி. தீப்பெட்டியைப் பாதி திறந்து வைப்பாள். ஏன் என்று நான் கேட்டதற்கு, அவனுக்கு ஒரு கையில் அடிபட்டிருந்தால் எப்படித் திறப்பான் என்றாள். பூட்ஸ் சத்தம் நின்றுவிட்டது. இன்று எங்கள் குடும்பத்தில் அவர் 'பட்டாளத்து சாமி'.

நடுகல் எடுப்பதற்குத் தொல்காப்பியம் படிப்படியாக முறை சொல்கிறது. கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, அப்புறம் பெரும்படை. பெரும்படை என்றால் படையல்தான். ஆத்தாவுக்குத் தொல்காப்பியம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கொலையுண்டவனுக்குப் படைத்தால் சாமி, படைக்காமல் பயந்தால் பேய் என்பது மட்டும் தெரியும். மூன்றாவதாக ஒரு வகை உண்டு. அதைப் புள்ளலூரில் பார்த்தேன். பயப்படக்கூட ஆளில்லாதவன். பேயாவதற்கும் கொடுத்து வைத்திருக்க வேண்டும், கா.

பெய்லியின் படையில் பெரும்பாலோர் நம் பக்கத்துச் சிப்பாய்கள், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். கூலிக்குச் சண்டை போட்டவர்கள், ஆகவே தேசபக்தர்களுக்கு வேண்டாதவர்கள். கறுப்பர்கள், ஆகவே கம்பெனி தூண் எழுப்பாது. அதே சண்டையில் பிடிபட்ட ஸ்காட்லாந்துக்காரன் டேவிட் பேர்ட். சீரங்கப்பட்டணத்துச் சிறையில் கைதிகளை இரண்டிரண்டாகச் சங்கிலியில் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட அவன் தாய், "எங்கள் டேவியோடு கட்டப்பட்டவன் பாவம்" என்றாளாம். அந்தக் கிழவியின் கிண்டல் இன்னமும் புத்தகங்களில் இருக்கிறது. இங்கே வந்தவாசிப் பக்கம் எத்தனை தாய்மார் என்ன சொல்லி அழுதார்களோ.

நமக்குப் பெயர் எழுதி வைக்கும் பழக்கம் இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். செங்கம் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு. புள்ளலூரில் வென்ற அதே மகேந்திரவர்மனின் காலம். எருமை மந்தைக்காகச் செத்த கருந்தேவக்கத்தி அதில் நிற்கிறான், பக்கத்தில் அவன் நாய். இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாயின் பெயரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள்: கோவிவன். 1,400 வருடம் முன்பு மாடு காத்த நாயின் பெயர் தெரிகிறது. 1780இல் துப்பாக்கி பிடித்த சிப்பாயின் பெயர் தெரியவில்லை. இதைச் சொன்னால் என் நண்பர்கள், ஆரம்பித்துவிட்டான் என்று எழுந்து போகிறார்கள். நீங்கள் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், கேட்டது நீங்கள்.

இப்போது உங்களைத் திட்ட வேண்டிய இடம். புள்ளலூரில் பெய்லியோடு மாட்டிக்கொண்டவர்களில் 73ஆவது ஹைலாண்டர், அதாவது ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்களின், படைப்பிரிவிலிருந்து வந்த இரண்டு அணிகளும் உண்டு. அந்தப் பிரிவைத் திரட்டிய மெக்லியோட் பிரபு இளவயதில் ஜாகோபைட். கலோடனுக்கு முந்தின நாள் பிடிபட்டவர், அதனால்தான் உங்கள் கற்களுக்கு அடியில் போகாமல் தப்பினார். கலோடனுக்குப் பிறகு ஹைலாண்டர்களின் பாரம்பரிய உடையைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். பட்டாளத்தில் சேர்ந்தால் மட்டும் உடுத்தலாம். அப்படி உடுத்தி வந்து நம் நெல்வயலில் செத்தார்கள்.

அன்று காஞ்சிபுரத்தில், கூப்பிடு தூரம் என்று சொல்லும்படி, ஒரு பெரும்படையோடு இருந்தும் பெய்லிக்கு உதவப் போய்ச் சேராமல், பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கியவர் தளபதி ஹெக்டர் மன்றோ. 1764இல், அடங்க மறுத்த 24 சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட வைத்தவரும் அவரே. 1781இல் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார். அந்தப் பெருமைக்காக மறு வருடம் தன் ஊர்க் குன்றின் மேல் நாகப்பட்டினத்துக் கோட்டைவாசல் மாதிரி ஒன்றைக் கட்டினார். ஃபைரிஷ் குன்று, ஆல்னெஸ் ஊருக்கு மேலே. உங்கள் வீட்டிலிருந்து காரில் அரை மணி நேரம், கொஞ்சம் கூட ஆகலாம். இரண்டு வருடமாக அங்கே இருக்கிறீர்கள்! பேயைத் தேடிக் கலோடனுக்குப் போனவருக்கு, நாகப்பட்டினம் தலைக்கு மேலே நிற்பது தெரியவில்லை.

எங்கள் ஆத்தாவின் ஊர் நாகப்பட்டினத்துக்குப் பக்கம். அவள் அண்ணன் ரங்கூன் போகக் கப்பல் ஏறினாரா ரயில் ஏறினாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. யாங்கோன் அருகே இருக்கும் ரங்கூன் நினைவிடத்தில் ஏறத்தாழ 27,000 பெயர்கள் இருக்கின்றன. கல்லறை இல்லாதவர்கள். அந்தப் பட்டியலை இணையத்தில் தேடினேன். அவர் பெயரில் பலர் இருக்கிறார்கள், எது அவர் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபைரிஷ் ஏறிப் பாருங்கள். அந்த வாசலின் படத்தை எனக்கு அனுப்புங்கள், முன்னும் பின்னும். கையோடு ஒரு பொட்டலம் பொரிகடலை எடுத்துப்போய் அதன் கீழே வைத்துவிட்டு வாருங்கள். சிகரெட் வேண்டாம், அங்கே காற்றில் தீக்குச்சி நிற்காது.