நோயாளிக்குத் துணை இருப்பவர்கள் கேட்கிறார்கள்

கேள்வி: பக்கவாதம் வந்த என் மாமனாரை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம். வலது கை, கால் அசையவில்லை. இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருப்பதாகச் செவிலியர் சொன்னதால் ஏர் பெட் வாங்கிப் போட்டோம். சிவந்த இடத்தில் பவுடர் போட்டுத் தினமும் தேய்த்தும் விடுகிறேன். இது போதுமா?
- வாசகி, திருச்சி

பதில்: தேய்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே நசுங்கியிருக்கும் திசுவைத் தேய்த்தால் உள்ளே சேதம் கூடுமே தவிர ரத்த ஓட்டம் சீராகாது. பவுடரும் வியர்வையில் கட்டிகட்டியாகித் தோலை உரசும் என்பதால் வேண்டாம்; ஈரம் இல்லாமல் மெதுவாக ஒற்றித் துடைத்தாலே போதும்.

ஏர் பெட் நல்லதுதான். ஆனால் அதுதான் இருக்கிறதே என்று நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்காமல் விட்டுவிடுவது பல குடும்பங்களில் நடக்கிறது. எலும்பு துருத்திய இடத்தில் உடலின் எடை இறங்கி, மெத்தைக்கும் எலும்புக்கும் நடுவே தோலும் தசையும் அழுந்தும்போது, அங்குள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடைபட்டுச் சில மணி நேரத்திலேயே புண்ணுக்கு வழி பிறந்துவிடுகிறது. ஆகவே பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும், படுக்கும் நிலையை மாற்ற வேண்டும். முழுவதும் பக்கவாட்டில் திருப்பாமல், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் இடுப்பின் பக்கவாட்டு எலும்பு தப்பிக்கும். கெண்டைக்காலுக்கு அடியில் ஒரு தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மேலே நகர்த்தும்போது கக்கத்தில் கை கொடுத்து இழுப்பதுதான் நம்மவர்களின் வழக்கம். அப்படி இழுத்தால் முதுகுத் தோல் விரிப்பில் உரசிக் கிழியும். செயலிழந்த வலது தோளின் மூட்டும் இறங்கிவிடக்கூடும். தோளிலிருந்து தொடை வரை அடியில் ஒரு மடித்த விரிப்பைப் போட்டு, இருபுறமும் இருவர் அதைப் பிடித்துத் தூக்கி நகர்த்த வேண்டும்.

சிவந்த இடத்தை விரலால் சில விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது; வெளுக்காமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப்புண்ணின் முதல் நிலை, உடனே செவிலியரிடம் காட்டுங்கள். கறுத்த மேனியில் சிவப்பு தெரியாமலே போகலாம். அங்கே சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ, கெட்டியாகவோ, இன்னும் கறுத்தோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதே வழி.

கேள்வி: அப்பாவை ஸ்கேன் எடுக்க டிராலியில் அழைத்துப் போனபோது, யூரின் பேக்கை அவர் வயிற்றின் மேல் வைத்தேன். வார்டு சிஸ்டர் கடிந்துகொண்டார். என்ன தவறு?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: சிஸ்டர் சொன்னது சரி. பை சிறுநீர்ப்பையைவிட உயரத்தில் இருந்தால், பையில் தேங்கிய சிறுநீர் குழாய் வழியே திரும்பி உள்ளே போய்க் கிருமித்தொற்றை உண்டாக்கும். டிராலியின் பக்கக் கம்பியில் தாழ்வாக மாட்டுங்கள், தரையிலும் படக்கூடாது. குழாய் உடலுக்கு அடியில் மாட்டி மடங்கியிருந்தாலும் சிறுநீர் இறங்காது. பை வெகுநேரம் காலியாகவே இருந்தால் முதலில் அதைப் பாருங்கள், மடிப்பு இல்லையென்றால் செவிலியரை அழையுங்கள். பையைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது கட்டாயம்.

கேள்வி: டிரிப்ஸ் மெதுவாக இறங்கினால் நாமே சக்கரத்தைத் திருகி வேகப்படுத்தலாமா?
- வாசகி, மதுரை

பதில்: கூடவே கூடாது. அந்த வேகம் மருந்தையும் நோயாளியின் இதயம், சிறுநீரகத்தின் நிலையையும் பார்த்து மருத்துவர் முடிவு செய்வது. பொட்டாசியம் கலந்த திரவம் வேகமாக இறங்கினால் இதயத்துடிப்பே தடுமாறலாம். ஊசி குத்திய இடம் வீங்கினாலோ, எரிந்தாலோ, பாட்டில் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறினாலோ அழைப்பு மணியை அழுத்துங்கள்.