தொழிற்சாலை மேலாண்மை மருத்துவமனைக்குப் பொருந்துமா?

மேலாண்மை முன்னோடி டெய்லர், கார் உற்பத்தியாளர் ஃபோர்டு ஆகியோர் வகுத்த முறைகள் தொழிற்சாலைக்கு வெளியே செல்லுபடியாகுமா என்ற கேள்விக்கு மதுரை அண்ணா நகரில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையிலேயே விடை இருக்கிறது.

வேலையைச் சிறு செயல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சிறந்த முறையை வகுக்க வேண்டும் என்று டெய்லர் 1911-இல் எழுதினார். கார் நகர்ந்து வர, ஒவ்வொரு தொழிலாளியும் தம் இடத்திலேயே தமக்குரிய வேலையைச் செய்யும் தொடர் உற்பத்தியை ஃபோர்டு 1913-இல் கொண்டுவந்தார். ஆனால், அறுவை மருத்துவர் கருவியைத் தாமே தேடாமல் செவிலியர் எடுத்துத் தர வேண்டும் என்று வலியுறுத்திய, வேலையின் அசைவுகளை ஆராய்ந்த ஃபிராங்க் கில்பிரெத்தே இங்கு முக்கியமானவர் என்பேன்.

அரசுப் பணியில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அறுவை அரங்கில் மேசைகள் அருகருகே இருக்கும்; ஒன்றில் கண்புரை அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளியைச் செவிலியர் ஆயத்தப்படுத்திவிடுவதால், மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பி உடனே அடுத்த கண்ணைத் தொடங்கிவிடுகிறார். டெய்லர் முறை தொழிலாளியைக் கசக்கிப் பிழிந்தது என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. இங்கோ மிச்சப்படுத்தப்படுவது, கிடைப்பதற்கு அரிதான மருத்துவரின் நேரம். கட்டணம் செலுத்துவோரின் பணம், செலுத்த இயலாதோரின் சிகிச்சைக்கும் கைகொடுக்கிறது.

கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி லென்ஸின் விலை தடையாக இருந்ததால், 1992-இல் ஆரோலேப் என்ற பெயரில் மதுரையிலேயே அந்த உள்விழி லென்ஸைத் தயாரிக்கத் தொடங்கினார்கள்.