ஈசிஜி சரி என்றார்கள். பிறகு ஏன் தங்க வைத்தார்கள்?

கேள்வி: என் கணவருக்கு வயது 52, சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை ஏற்றும்போது நெஞ்சில் கடுமையான வலி வந்து, வேர்த்துக் கொட்டியது. வாயுப் பிடிப்பு என்று எண்ணிச் சோடா குடித்தார். வலி சற்றுக் குறைந்தது. இரண்டு மணி நேரம் கழித்தே மருத்துவமனைக்குச் சென்றோம். ஈசிஜி சரியாக உள்ளது என்றவர்கள், மறுநாள் வரை தங்க வைத்து, ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் மீண்டும் எடுத்து, தசைவலி என்று அனுப்பிவிட்டார்கள். இவ்வளவும் தேவைதானா?
வாசகி, நீடாமங்கலம்

பதில்: தேவைதான். ஈசிஜி, அதை எடுக்கும் சில விநாடிகளில் இதயத்தின் மின்னியக்கம் எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே காட்டும்; மாரடைப்பின் தொடக்கத்தில் அதில் மாற்றம் எதுவும் தெரியாமலிருப்பதும் உண்டு. இதயத் தசை சேதமடையும்போது ரத்தத்தில் கலக்கும் ட்ரோபோனின் என்ற புரதமும், வழக்கமான பரிசோதனையில் தென்படும் அளவுக்கு உயர 3 முதல் 6 மணி நேரம் ஆகலாம். நீங்கள் இரண்டு மணி நேரத்தில் போய்விட்டதால், முதல் முடிவை மட்டும் நம்பி அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால் அதுதான் தவறாகியிருக்கும்.

இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்த்து, வலி முதுகுப் பக்கம் கிழிப்பதுபோல் பாய்ந்ததா என்று கேட்டிருப்பார்கள். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயான மகாதமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால், மாரடைப்புக்குத் தரும் ரத்தக்கட்டி கரைக்கும் மருந்தே உயிருக்கு ஆபத்தாகிவிடும் என்பதால் அந்த எச்சரிக்கை. காலில் ஒருபக்க வீக்கமும் மூச்சுத்திணறலும் இருந்தால் நுரையீரல் ரத்தக்குழாய் அடைப்பையும், மூச்சு இழுக்கும்போது ஒருபக்கம் குத்தினால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருப்பதையும் சந்தேகிப்பார்கள். எக்ஸ்ரே எடுப்பது பெரும்பாலும் இதற்காகவே. அமிலம் மேலேறுதல், பித்தப்பைக் கல், கொப்புளம் தோன்றுமுன் அக்கி தரும் எரிச்சல் ஆகியவையும் இப்படி வலிக்கலாம். தசைவலி என்பது, இவற்றில் ஆபத்தானவற்றை விலக்கிய பிறகே ஒரு மருத்துவர் சொல்லக்கூடிய முடிவு; அதிலும் சர்க்கரை உள்ளவருக்கு மாரடைப்பின் வலி மழுங்கலாகவே வரக்கூடும்.

சோடாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஏப்பம் வந்ததும் வலி குறைந்தது என்பது எதையும் நிரூபிக்காது. இதயத்தின் உணர்வு நரம்புகளும் உணவுக்குழாயின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே பகுதிகளில் சேர்வதால், எது வலிக்கிறது என்பதை நோயாளியால் பிரித்தறிய முடிவதில்லை. நம் பகுதியில் மாரடைப்பு நோயாளிகள் பலர் காலதாமதமாக வருவதற்கு இந்த வாயு நம்பிக்கையே முக்கியக் காரணம் என்பது என் கருத்து.

மீண்டும் வலி வந்தால், அவரை வண்டி ஓட்டவோ நடக்கவோ விடாமல் உடனே 108-ஐ அழையுங்கள். தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல்கட்ட மாத்திரைகளைத் தந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். நீங்களாக எந்த மாத்திரையும் கொடுக்க வேண்டாம். இதற்கிடையில், எக்கோ, டிரெட்மில் பரிசோதனைகள் அவருக்குத் தேவையா என்று இதயநோய் மருத்துவரிடம் கேளுங்கள். அப்போது அன்றைய ஈசிஜி தாள்கள் இரண்டையும் கொண்டு செல்லுங்கள். அந்தத் தாளில் எழுத்து நாளடைவில் மங்கிவிடும் என்பதால் இப்போதே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.