64 ஜிபி பென்டிரைவில் 6 ஜிபி வீடியோ ஏறவில்லையே?

கேள்வி: புதிதாக 64 ஜிபி பென்டிரைவ் வாங்கினேன். 6 ஜிபி உள்ள கல்யாண வீடியோவை காப்பி செய்தால், ஃபைல் மிகப் பெரியது என்று விண்டோஸ் மறுக்கிறது. டிரைவோ காலியாக இருக்கிறது. கடையில் கொடுத்து மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம், பென்டிரைவில் பழுது இல்லை. அது ஃபேட்32 என்ற, ஃபைல்களை அடுக்கிவைக்கும் பழைய முறையில் ஃபார்மேட் ஆகி வந்திருக்கிறது. அந்த முறையில் ஒரு ஃபைலின் அளவைக் குறித்துவைக்க 32 பிட் இடம்தான் உண்டு. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. 3 ஜிபி ஃபைல்கள் பத்து ஏறும். 6 ஜிபி ஃபைல் ஒன்றுகூட ஏறாது. 1996-ல் ஃபேட்32 வந்தபோது வீட்டுக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கே பெரும்பாலும் 4 ஜிபியைத் தொடவில்லை.

எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் போதும். ஃபார்மேட் செய்தால் எல்லாம் அழிந்துவிடும், ஆகவே உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்தில் காப்பி செய்துகொள்ளுங்கள். பிறகு டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து, ஃபார்மேட்டைத் தேர்ந்தெடுத்து, ஃபைல் சிஸ்டம் என்ற இடத்தில் எக்ஸ்ஃபேட்டை வையுங்கள். அலோகேஷன் யூனிட் அளவைத் தொட வேண்டாம். குவிக் ஃபார்மேட் போதும், ஒரு நிமிடம்கூட ஆகாது. இதற்குக் கடையில் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

விண்டோஸின் இன்னொரு முறையான என்டிஎஃப்எஸ்ஸிலும் பெரிய ஃபைல் ஏறும். ஆனால் மேக் கம்ப்யூட்டர் அதைப் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட் விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். அதன் ஒரு பலவீனம், எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் ஃபைல் பட்டியலே கெட்டுப்போகலாம். எஜெக்ட் கொடுத்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

கேள்வி: எக்ஸ்ஃபேட் ஆக்கிய பிறகு எங்கள் பழைய டிவி பென்டிரைவையே காட்டவில்லை. என்ன செய்வது?

பதில்: பழைய டிவிகள் பலவற்றுக்கு எக்ஸ்ஃபேட் தெரியாது. முதலில் என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்து பாருங்கள். அதுவும் ஆகாவிட்டால் ஃபேட்32-க்கே திரும்பி, வீடியோவை எடிட்டிங் மென்பொருளில் 4 ஜிபிக்குக் குறைவான இரண்டு பாகமாக வெட்டி ஏற்றுங்கள். செவன்-ஜிப் போன்ற ஃபைல் சுருக்கும் மென்பொருள்களில் துண்டாக்கினால் டிவியில் ஓடாது; அது கம்ப்யூட்டரில் மறுபடி ஒட்டிக்கொள்வதற்குத்தான். புது டிவி வாங்கும்போது, யுஎஸ்பியில் எக்ஸ்ஃபேட் ஓடுமா என்று கையேட்டில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் 64 ஜிபி பென்டிரைவ் 59.6 ஜிபி என்றுதான் காட்டுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. தயாரிப்பாளர் 100 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறார். விண்டோஸ் 107 கோடிக்குச் சற்று மேல் வைத்துக் கணக்கிடுகிறது. உண்மையான மோசடி வேறு: சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று விற்கும் டிரைவுகள். உள்ளே சில ஜிபிதான் இருக்கும், கன்ட்ரோலர் என்ற கட்டுப்பாட்டுச் சிப் மட்டும் பொய்க் கணக்கு சொல்லும். காப்பி ஆனதுபோலவே தெரியும், திறந்தால் ஃபைல் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிரைவை முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துச் சரிபார்க்கும். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் 64 ஜிபியை நிரப்பவே ஒரு மணி நேரம் நெருங்கிவிடும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள், படம் எதையும் ஏற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.