வேறு கம்பெனி கார்ட்ரிட்ஜைப் பிரிண்டர் திடீரென ஏற்க மறுப்பது ஏன்?

நேற்று வரை ஓடிய கார்ட்ரிட்ஜ் (பிரிண்டரில் போடும் மைப்பெட்டி) இன்று ஓடவில்லை, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அதில் பழுது இருக்க வேண்டியதில்லை. கார்ட்ரிட்ஜில் ஒரு சின்ன சிப் உண்டு; அது தன் கம்பெனியுடையதுதானா என்று பிரிண்டர் சோதிக்கும். அப்டேட் மூலம் இந்தச் சோதனையைப் பிற்பாடும் கடுமையாக்கலாம். 2016 செப்டம்பரில் ஹெச்பி ஆபீஸ்ஜெட் பிரிண்டர்கள் பலவற்றில் இதுதான் நடந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், தடையை நீக்கும் அப்டேட்டை ஹெச்பி தந்தது.

தரத்துக்காகத்தான் இந்தத் தடை என்பார்கள். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 2022இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது கேனான் சிப் இல்லாத டோனர்களையே (மைத்தூள் கார்ட்ரிட்ஜ்களையே) விற்றது, சிப் இல்லை என்று பிரிண்டர் காட்டும் எச்சரிக்கையைத் தாண்டிப் போகும் வழியையும் சொன்னது. அச்சுத் தரம் குறையாது என்றது. காசு கொடுத்து வாங்கிய பிரிண்டரில் எந்த மை போடுவது என்பது வாங்கியவர் முடிவாகத்தான் இருக்க வேண்டும்.

அப்புறம், பிரிண்டர் அமைப்புகளில் தானாக அப்டேட் ஆவதை நிறுத்தும் வசதி இருந்தால், இப்போதே நிறுத்திவிடுங்கள்.