பூக்களின் பள்ளத்தாக்கு: நம்ம ஊர்க்காரர்கள் கேட்டவை

உத்தரகண்டில் இருக்கும் இந்த மலைப்பூங்காவுக்கு மூன்று முறை போய் வந்தவன் என்று தெரிந்ததிலிருந்து புதுச்சேரி, கடலூர்ப் பக்கமிருந்து ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

கடலூர் முதுநகர்: எந்த மாதம் போகலாம்?

ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். பூவுக்குத்தான் போகிறீர்கள் என்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. மழையும் அப்போதுதான். மண் சரிந்து பத்ரிநாத் சாலை அடைபடும், அதனால் திரும்பும் ரயிலுக்கு முன் 2 நாள் கையிருப்பு வையுங்கள். பருத்தி உடை வேண்டாம். நனைந்தால் ஊர் வந்து சேரும்வரை காயாது.

லாஸ்பேட்டை: தினமும் பீச் ரோட்டில் 5 கிலோமீட்டர் நடக்கிறேன் அண்ணா, போதாதா?

போதாது தம்பி. அது தட்டையான தரை. ஜீப் போகும் கடைசி ஊரான புல்னாவில் இறங்கினால், பள்ளத்தாக்குக்குப் போகிறவர்கள் தங்கும் ஊரான காங்கரியா வரை நடை சுமார் 10 கிலோமீட்டர், பெரும்பாலும் ஏற்றம். நமக்குப் பக்கத்தில் இருப்பது செஞ்சி. முதுகில் 5 கிலோ பையோடு ஞாயிறுதோறும் ராஜகிரிப் படி ஏறி இறங்குங்கள். முழங்கால் எப்படி என்பது இறங்கும்போதுதான் தெரியும்.

மூச்சு விஷயம் வேறு. காங்கரியாவே ஏறக்குறைய 3,000 மீட்டர், நாமோ கடல்மட்டத்து ஆட்கள். முதல் தடவை ஜம்பமாக, போய்ச் சேர்ந்த மறுநாள் விடிந்ததும், பக்கத்தில் சீக்கியர்களின் புனித ஏரி இருக்கும் ஹேம்குண்ட் ஏறினேன். அது 4,000 மீட்டருக்கு மேல். ஏரிக்கரையில் தலை விண்விண் என்று தெறித்தது. குருத்வாராவில் கொடுத்த சூடான கிச்சடி ஒரு வாய் இறங்கவில்லை. நீங்கள் முதலில் பள்ளத்தாக்கு, அதற்கடுத்த நாள் ஹேம்குண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைவலியோடு வாந்தியும் வந்தால் உடனே கீழே இறங்குங்கள். மாத்திரையை விழுங்கிவிட்டு மேலே போகிற வேலை வேண்டாம்.

நெய்வேலி: உள்ளே டென்ட் போடலாமா?

கூடாது. இருட்டுமுன் வெளியே வந்துவிட வேண்டும். தங்க காங்கரியாவில் விடுதிகளும் குருத்வாராவும் உண்டு.

பாகூர்: அம்மாவுக்கு 64 வயது. குதிரை கிடைக்குமா?

காங்கரியா வரைக்கும், ஹேம்குண்டுக்கும் கிடைக்கும். பள்ளத்தாக்குக்குள் குதிரைக்கு அனுமதி இல்லை. கூடையில் உட்காரவைத்து முதுகில் சுமப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கென்னவோ அதில் ஏற மனசு வராது, அது உங்கள் இஷ்டம்.

விருத்தாசலம்: அங்கே ஆடு மேய்க்கத் தடையாமே. நல்லதுதானே?

அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. 1982இல் தேசியப் பூங்கா ஆனதையடுத்து மேய்ச்சலை நிறுத்தினார்கள். பிறகு பாலிகோனம் என்கிற ஆளுயரச் செடி மண்டிச் சின்னப் பூச்செடிகளை அமுக்க ஆரம்பித்தது. ஆடு போனதால்தான் இது வந்தது என்று ஒரு கட்சி, இல்லை என்று ஒரு கட்சி. வனத்துறை ஆள் வைத்துப் பிடுங்குகிறது. வயலில் கிடை போடுகிற உங்கள் ஊர்க்காரரிடம் கேட்டால் எந்தக் கட்சியில் நிற்பார் என்று எனக்குத் தெரியும்.

திருப்பாதிரிப்புலியூர்: உள்ளே ஒரு வெள்ளைக்காரம்மா கல்லறை இருக்கிறதாமே?

ஜோன் மார்கரெட் லெக். 1931இல் மலையேறி ஃபிராங்க் ஸ்மைத் காமெட் சிகரத்திலிருந்து திரும்பும்போது இந்த இடத்தைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். 1939இல் செடி சேகரிக்க வந்த லெக், பாறைச் சரிவில் வழுக்கி விழுந்து இறந்தார். கல்லறை கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. வாசல் திறந்ததும் கிளம்பினால்தான் பார்த்துவிட்டு நேரத்தோடு திரும்ப முடியும். மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள், உள்ளே டீக்கடைகூடக் கிடையாது.